ஒரு சிந்தசைசரின் குரலைத் தேடிய வாரம்

அன்பு வினோ,

ஞாயிற்றுக்கிழமை போனை வைப்பதற்கு முன்னால் நீ சொன்னாய்: "அந்த கீபோர்டை சர்ச் கொயருக்குக் குடுத்துடுங்கப்பா. நான் இனிமே அதைத் தொட மாட்டேன்." நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், ஏன் சரி என்று சொன்னோம் என்று உறைத்தது. நீ கனடா கிளம்ப இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் பாக்கி இருக்கிறது. நேரில் சொல்லலாம் என்றால் நமக்கு நேரில் பேச்சு வராது. உனக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து நம்மைப் பேச வைத்தது உன் அம்மாதான். அவள் போன பிறகு, "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்", அதோடு முடிந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். ஆபீசில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஷிப்டு முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக ஸ்ரீரங்கம் போவேன். அங்கே வரதன் சார் ஓர் இன்னிசைக் குழு நடத்திவந்தார். அவரிடம் ஒரு ஜப்பான் சிந்தசைசர் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த யாரிடமோ வாங்கியது. எனக்கு ஆர்மோனியம் தெரியும் என்பதால் அதை என் முன்னால் வைத்து, "வாசிச்சுப் பாருப்பா" என்றார். நீ வைத்திருப்பதைப் போல அதற்குள் ஆயிரம் ஒலிகள் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். ஒலியைக்கூட நாமே திருகித் திருகி உண்டாக்க வேண்டும். உண்டாக்கியதைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. அடுத்த கச்சேரியில் மறுபடி முதலிலிருந்து திருக வேண்டும். சூடேறும்வரை சுருதி ஓரிடத்தில் நிற்காது. சூடேறி நின்ற பிறகும், மேடையில் கலர் லைட்டுகளை எல்லாம் ஒரே சமயத்தில் போட்டால் கரண்ட் இறங்கும். அதோடு சேர்ந்து இதன் சுருதியும் இறங்கும்.

அந்தக் குழுவில் பாடியவள்தான் பிலோமினா, உன் அம்மா. நான் மெட்டுப் போட்ட ஒரு பாட்டைத்தான் எல்லாக் கச்சேரியிலும் முதலில் பாடுவோம். பாட்டுக்கு முன்னால் சிந்தசைசரில் நீளமாக ஒரே ஒரு ஸ்வரம். மந்தமாக ஆரம்பித்து, மெதுவாகத் தெளிந்து, கணீரென்று வரும். அது கணீரென்று வரும் நேரத்தில்தான் மேடை விளக்கு எல்லாம் எரியும். உடனே ஸ்வரம் ஒரு மயிரிழை கீழே இறங்கும். வயலின்காரர் என்னைத் திரும்பி முறைப்பார். நான் பதறிப்போய் சுருதித் திருகைத் தேடுவேன். உன் அம்மா மட்டும் பதற மாட்டாள். இறங்கிய அந்தச் சுருதியிலேயே பாட்டை எடுத்துவிடுவாள். கேட்டால், "உங்க பொட்டி பெருமூச்சு விடுதுங்க. அது விட்டு முடிக்கிற இடத்துல நான் ஆரம்பிக்கிறேன், அவ்வளவுதான்" என்பாள். இந்த ஒரு பதிலுக்காகவே அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. கட்டிக்கொண்டேன். அந்தப் பாட்டை மட்டும் யாருமே பதிவு செய்யவில்லை. அப்போது யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

பிறகு கே.கே. நகரில் வீடு, நீ, உன் படிப்பு. பெங்களூரில் வேலைக்குப் போன பிறகுதான், நீ பழைய சிந்தசைசர்களின் ஒலிகளைப் புதிய கீபோர்டில் செய்துபார்க்கிறாய் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. இன்டர்நெட்டில் நீ போட்டதை எல்லாம் உன் அம்மா கேட்பாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு நுரையீரல் கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. முன்னறையில் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினை வைத்தோம். அது ஓயாமல் உறுமும். நடுநடுவே 'புஸ்' என்று மூச்சு விடும். ஒருநாள் மூக்குக் குழாயோடு உன்னிடம் போனில் கேட்டாள். "தம்பி, ஊர்ல உள்ள பொட்டி சத்தமெல்லாம் செய்யுறியே. உங்கப்பா வாசிச்சாரே, அந்தச் சத்தம் வருமாடா?" நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வரும்மா. நான் வரேன்" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். வியாழக்கிழமை காலை திரும்புவதற்கு டிக்கெட்டும் எடுத்திருந்தாய்.

திங்கட்கிழமை நாம் இருவரும் வீட்டில் கிடந்த உன் பழைய வண்டியில் ஸ்ரீரங்கம் போனோம். வரதன் சார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பழைய சிந்தசைசர் அவர் வீட்டில் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் மனைவி கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கோ, வாங்கோ. பிலோ எப்படி இருக்கா? அவ பாடினா எங்காத்துக்காரர் கண்ணை மூடிண்டுடுவார், நோட்டைக்கூடப் பார்க்க மாட்டார்" என்றார். அலமாரிக்கு மேல் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்ததை நீதான் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினாய். துணியை எடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது புதிது மாதிரி பளபளத்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாய். உள்ளே எலி ஒயரை எல்லாம் கடித்துத் துப்பியிருந்தது. "இது பேசாதுப்பா. பரவால்ல, திருகெல்லாம் எந்தெந்த இடத்துல நிக்குதுன்னு போட்டோ எடுத்துக்கலாம். நீங்க கடைசியா வாசிச்ச சத்தம் அதுலயே இருக்கும்" என்றாய். அப்போது மாமி பெருமையாகச் சொன்னார்: "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஈரத்துணியால துடைச்சு வெச்சிண்டிருக்கேன். ஒரு திருகு விடாம துடைப்பேனாக்கும்."

நீ போனைக் கீழே இறக்கினாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தத் திருகுகள் எல்லாம் எங்கெங்கோ திரும்பியிருக்கும் என்று உனக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. ஆனால் நீ என்ன செய்தாய் தெரியுமா? "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க மாமி" என்று சொல்லிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத அந்தத் திருகுகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தாய். அவர் மனசு நோகக் கூடாது என்று எடுத்தாய். காவிரிப் பாலத்தில் திரும்பி வரும்போது உன் முதுகைப் பார்த்துக்கொண்டே, நம் பிள்ளை நல்ல பிள்ளையாக வளர்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன். எங்கே போனாலும் இந்தக் குணத்தை விட்டுவிடாதே.

செவ்வாய்க்கிழமை என் ஞாபகத்தை நம்பி ஆரம்பித்தாய். ரம்பப்பல் மாதிரி இருக்கும் அலை ஒன்றை எடுத்தாய். அதன் பக்கத்திலேயே இன்னொன்றை, சுருதி துளி பிசகினாற்போல வைத்தாய். "புது கீபோர்டுல எல்லாமே சரியா இருக்கும்பா. தப்பைத்தான் நாம தேடிச் சேர்க்கணும்" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கூர்மையா வரணும்", "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீயும் கூட்டிக்கொண்டே போனாய். ஒரு கட்டத்தில் கட்டிலிலிருந்து அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது, ஊசியால குத்துற மாதிரி இருக்கு!" என்றாள். நீ என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய். பிறகு கீபோர்டில் வேறு எதையோ அமைத்துவிட்டு, "அப்பா, சத்தம் கேட்டதும் கைய தூக்குங்க" என்றாய்.

நான் காத்துக்கொண்டே இருந்தேன். "ஆரம்பிடா" என்றேன். நீ கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. அம்மா மறுபடி காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீ ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாய் என்று. அந்தக் கூரிய ஒலி அறை முழுக்க இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. முப்பது வருஷம் இரும்புத் தகட்டை அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் நின்ற காது, மேல் ஸ்தாயி முழுவதையும் எப்போதோ தொலைத்துவிட்டிருக்கிறது. எனக்கே தெரியாமல் தொலைத்திருக்கிறது. நீ என் தோளில் கை வைத்து, "பரவால்லப்பா, அம்மாகிட்ட கேப்போம்" என்றாய். உன் அம்மா சிரித்தாள். "இத்தன வருஷமா நான் கூப்பிட்டா திரும்பாததுக்கு இப்பத்தான் காரணம் தெரியுது" என்றாள். நாம் மூவரும் சிரித்தோம். வினோ, இந்த வீட்டில் நாம் மூவரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் காதுதான் எல்லாம். அவளுடைய தொண்டைக்கு அந்தச் சுருதி தெரியும், எவ்வளவு இறங்கும், எங்கே நிற்கும் என்று. ஆனால் மெஷினின் உறுமலுக்கு நடுவில் ஒரு மயிரிழை இறக்கத்தை எப்படிக் கேட்பது? "இதை ஒரு நிமிஷம் நிறுத்துடா தம்பி" என்றாள். நீ மாட்டேன் என்றாய். "வேண்டாம்மா, ஹெட்போன் தரேன்" என்றாய். ஹெட்போனையும் போட்டுப் பார்த்தாள். "மேடைல சத்தம் நெஞ்சுல வந்து மோதும்டா. இது காதுக்குள்ள எறும்பு மாதிரி ஓடுது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். கடைசியில் நான்தான் சொன்னேன், ஒரு நிமிஷம் என்றால் நிறுத்தலாம் என்று. அவள் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் மீட்டரை மாட்டி நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ மெஷினை நிறுத்துவாய். வீடே அமைதியாகும். நீ ஓடிவந்து அந்த ஒரு ஸ்வரத்தை வாசிப்பாய். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். மீட்டரில் எண் இறங்க ஆரம்பிக்கும். நான் கையைக் காட்டுவேன். நீ ஓடிப்போய் மெஷினைப் போடுவாய். பிறகு அவள் கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையாட்டுவாள்.

புதன்கிழமை சாயங்காலமும் அப்படித்தான் இல்லை என்றாள். நீ வியாழக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்தாய். ஆபீசுக்குப் போன் போட்டு லீவைக் கேட்டு வாங்கினாய். வியாழன், வெள்ளி, சனி, காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். நீ கீபோர்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாய். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள், "கிட்ட வந்துடுச்சு, ஆனா அது இல்ல" என்றாள். நீ தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி குனிவாய். ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் லீவு கிடையாது என்று நீ சொன்ன பிறகு, மெஷினை நிறுத்தி நீ வாசித்தபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்வரம் தெளிந்து, மெல்ல இறங்கி நின்ற இடத்தில் அவள் பாடிவிட்டாள். பல்லவியில் இரண்டு வரி. குரல் என்று சொல்ல முடியாது, காற்றுதான் அது. ஆனால் சுருதி பிசகவில்லை. எனக்குக் கையைக் காட்டவே மறந்துபோனது. நீதான் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா!" என்று கத்திக்கொண்டு மெஷினுக்கு ஓடினாய். அவள் வெகுநேரம் மூச்சு வாங்கினாள். வாங்கிக்கொண்டே உன் கையைத் தட்டி, "இதுதாண்டா" என்றாள். கீபோர்டை இங்கேயே வைத்துவிட்டு நீ அன்றைக்கே பஸ் ஏறினாய்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். கல்லறையில் மண் போட்ட பிறகு, எல்லோரும் கலைந்து போய்க்கொண்டிருக்கும்போது நீ என் காதருகே வந்து சொன்னாய்: "நான்தாம்பா மெஷினை நிறுத்தினேன். திரும்பத் திரும்ப நிறுத்தினேன். எனக்கு ஒழுங்கா செய்யத் தெரிஞ்சிருந்தா ஒரு தடவையோட முடிஞ்சிருக்கும்." நான் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம் பிறகு கேட்டேன். "ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷத்துனால ஒண்ணும் ஆயிடலைங்க. நோய் அது பாட்டுக்கு வளர்ந்துச்சு, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். அதை உனக்குப் போனில் சொன்னேன். "சரிப்பா" என்றாய். நீ நம்பவில்லை என்பது அந்தச் சரியிலேயே தெரிந்தது. டாக்டர் சொல்லி ஆறுகிற விஷயம் இல்லை இது.

ஆனால் டாக்டருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். நீ பஸ் ஏறிய மறுநாள் மத்தியானம், அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "எப்படியோ பையன் சாதிச்சுட்டான்" என்றேன். அவள் ஒரு வாய் வாங்கிக்கொண்டு சொன்னாள், "புதன்கிழமையே வந்துடுச்சுங்க."

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"அந்தச் சத்தம். புதன்கிழமை சாயங்காலமே அச்சு அசலா வந்துடுச்சு. அந்த இறக்கம், அது நிக்கிற இடம், எல்லாமே. எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு."

"அப்புறம் ஏன் பிலோ இல்லைன்னு சொன்னே?"

"சரின்னு சொன்னா பொட்டிய மூடிக்கிட்டு விடிஞ்சதும் கிளம்பிடுவானே" என்றாள். "அவன் ஸ்கூல் படிக்கறப்ப தரையில உக்காந்து ஹோம்ஒர்க் எழுதுவான்ல, அதே மாதிரி குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. பின்னந்தலையில அந்த முடிச்சுழி தெரியுது. எத்தன வருஷமாச்சு அத நான் பாத்து. இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேனேன்னு இருந்துச்சு."

கரண்டியை வைத்துவிட்டு அவளைத் திட்டினேன். மூச்சை நிறுத்தி நிறுத்தி இப்படியா விளையாடுவது என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. "அவன்கிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவான்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கஞ்சில உப்பு இல்லைங்க" என்றாள்.

வினோ, இதைக் கேட்டால் உன் மனசு ஆறுமா, இன்னும் உடையுமா என்று தெரியாமல்தான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லாதே என்று சொன்னதும் ஒரு காரணம். ஆனால் செய்யத் தெரியாதவன் என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு நீ அவ்வளவு தூரம் போகக் கூடாது. நீ புதன்கிழமையே செய்து முடித்துவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உன் அம்மா விரும்பி நடத்தியது. அவளிடம் மூச்சு கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அதை எதற்குச் செலவழிக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நீ அதைப் பறிக்கவில்லை. இனி அங்கே போய் வாழ்கிறபோது, உன்மேல் பிரியம் உள்ள யாராவது, நீ செய்து கொடுத்த ஒன்றை "இன்னும் சரியா வரல" என்று சொன்னால், உடனே குனிந்து அதைத் திருத்த ஆரம்பித்துவிடாதே. ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி அவர்கள் முகத்தைப் பார். எனக்கும் அதைப் பார்க்கத் தெரியவில்லை. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கீபோர்டைப் போட்டுப் பார்த்தேன். நீ ஒவ்வொரு நாளும் முந்தின நாள் ஒலியின் மேலேயே சேமித்துக்கொண்டு போயிருக்கிறாய். அதனால் புதன்கிழமை ஒலி இப்போது அதில் இல்லை. கடைசி ஒலி மட்டும் இருக்கிறது. அதை வாசித்துப் பார்த்தேன். என் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் காதைப் பற்றி உனக்கே தெரியும். நீயே உட்கார்ந்து பழையபடி அதைக் கண்டுபிடித்தாலும், இதுதான் என்று சொல்ல இனிமேல் ஆள் இல்லை. வரதன் சார் இல்லை. அவள் இல்லை. இதை நினைத்துக்கொண்டே வெகுநேரம் அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மெஷினையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம், அதனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

கீபோர்டை கொயருக்குக் கொடுப்பதா, நீ எடுத்துப்போவதா என்பதை நீயே முடிவு செய். நான் வற்புறுத்த மாட்டேன். எனக்கு வேறு ஒன்று வேண்டும். பிளேன் ஏறுவதற்கு முதல் நாள் வந்து, பையை வைத்துவிட்டு, காலையில் கிளம்பிவிடுவேன் என்று நீ திட்டம் போட்டிருப்பாய். உன் அம்மா இருந்தால் ஏதாவது சொல்லி உன்னை நிறுத்தி வைத்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் வாய்விட்டே கேட்கிறேன். ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா வந்து இரு.

அப்பா